பென்சிலக்காவின் காது

சட்டமன்றத்தின் நடுவில், அவைத்தலைவரின் மேடைக்குக் கீழே, ஒரு சின்ன மேசை உண்டு. உறுப்பினர்கள் கத்துவது, கைதட்டுவது, காகிதத்தைக் கிழித்து வீசுவது எல்லாம் அந்த மேசையைச் சுற்றித்தான் நடக்கும். ஆனால் அதில் உட்கார்ந்திருப்பவரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அங்கே இருபத்து நான்கு வருடமாகச் சுருக்கெழுத்தில் பேச்சு எடுத்தவள் பென்சிலக்கா. காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பாள். அலுவலகத்தில் அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வேலை எளிதாகச் சொல்லக்கூடியதுதான். பத்து நிமிடம் ஒருவர் எழுதுவார். ஒன்பதாவது நிமிடம் அடுத்தவர் பூனைபோல வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி ஒரு நிமிடம் இரண்டு பேரும் சேர்ந்தே எழுதுவார்கள். இணைப்பில் ஒரு வார்த்தைகூடத் தவறக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. பத்து நிமிடம் முடிந்ததும் முதலாமவர் எழுந்து போய், எடுத்ததைத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். உறுப்பினருக்கு மறுநாள் ஒரு நகல் போகும். தடுமாற்றம், இலக்கணப் பிழை இருந்தால் திருத்தலாம். பொருளை மாற்றக் கூடாது. அதுதான் விதி.

அந்த மேசையிலிருந்து மூன்று முழத் தூரத்தில்தான் முன்வரிசை. அங்கே பல வருடமாக உட்கார்ந்திருந்தவர் வெட்டொண்ணு. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று பேசுகிறவர் என்பதால் ஊரே வைத்த பெயர். அவருக்கும் அதில் பெருமைதான். "நான் மனசுல பட்டதைச் சொல்றவன். ஒளிச்சு வச்சுப் பேசத் தெரியாது" என்று எந்த மேடையிலும் சொல்வார்.

அவர் எதிர்க்கட்சியில் இருந்த காலத்தில் பென்சிலக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன். ஒருமுறை ஓர் அமைச்சரைப் பார்த்து, "இவர் மண்குதிரை, இவரை நம்பி ஜனங்க ஆத்துல இறங்கிட்டாங்க" என்றார். ஆளுங்கட்சி குதித்தது. அவர் வேறு ஏதோ அசிங்கமாகச் சொன்னார் என்று சாதித்தது. வெட்டொண்ணு கையை நீட்டி அந்தச் சின்ன மேசையைக் காட்டினார். "அந்த அம்மா எழுதியிருக்காங்க. படிக்கச் சொல்லுங்க. ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது!" அவைத்தலைவர் தலையசைக்க, அவள் எழுந்து படித்தாள். மண்குதிரை, மண்குதிரையாகவே வந்தது. "இந்தச் சபையில நேர்மையா இருக்கிற ஒரே பொருள் அந்தப் பென்சில்தான்" என்று அவர் சொல்ல, அதையும் அவளே குனிந்துகொண்டு எழுதினாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அதை நான்கு முறை சொன்னாள். அவளுடைய கணவர், நகரப் பேருந்து ஓட்டுநர், நான்காவது முறையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார்.

பிறகு ஆட்சி மாறியது. வெட்டொண்ணு அமைச்சரானார். வாய் மட்டும் மாறவில்லை, திசை மாறியது. வேலைநிறுத்தம் செய்த செவிலியர்களைப் பார்த்து, "வேலை பிடிக்கலைன்னா வீட்டுல போய்ப் பாத்திரம் கழுவுங்க" என்றார். ஊர் கொதித்ததும், "வீட்டு வேலையும் கௌரவமான வேலைன்னுதான் சொன்னேன்" என்றார். புதுப் பாலத்தில் விரிசல் என்று கேட்டதற்கு, "மனுஷன் மூஞ்சியிலேயே சுருக்கம் விழுது, பாலத்துல விழாதா?" என்றார். வேலை கேட்டு வந்த பட்டதாரிகளைப் பார்த்து, "எல்லாரும் நாற்காலி கேட்டா தரையில யாரு உக்காருறது?" என்றார். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் கூச்சல், மூன்றாம் நாள் "நான் சொன்னதைத் திரிச்சுட்டாங்க", நான்காம் நாள் அவருடைய ஆட்கள் ஊர்வலம். எல்லாவற்றையும் பென்சிலக்கா எழுதினாள். கோபம் வரும்போது பென்சில் முனை உடையும். வேறொரு பென்சில் எடுத்துக்கொள்வாள்.

அவளுடைய தம்பி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். கடைச் சுவரில் வெட்டொண்ணு கைகூப்பிச் சிரிக்கும் படம். "என்ன இருந்தாலும் மனசுல ஒண்ணும் வச்சுக்காத மனுஷன்க்கா" என்பான்.

"சட்டியில இருந்தாத்தானேடா அகப்பையில வரும்? மனசுல இல்லாததா வாய்ல வருது?" என்று கேட்பாள். தம்பி சிரித்துக்கொண்டே காகிதம் அடுக்குவான்.

அந்த வருடம், மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், நகரத்தின் ஓரத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. மூன்றாவது மாடியில் தையல் பகுதி. மாடிப்படிக் கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது. பதினோரு பெண்கள் செத்துப் போனார்கள். எல்லோரும் கதவுக்குப் பக்கத்தில்தான் கிடந்தார்கள் என்று செய்தி சொன்னது. தொழிலாளர் துறை வெட்டொண்ணுவிடம் இருந்தது.

மூன்றாம் நாள் மன்றம் கூடியது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்த பெண், பூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பூட்டியது யார், சோதனைக்குப் போன அதிகாரி யார், அவர் என்ன எழுதிக் கொடுத்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பென்சிலக்காவுக்கு அது ஒன்பதாவது நிமிடம். பக்கத்தில் அடுத்த முறைக்காரன் வந்து உட்கார்ந்து எழுதத் தொடங்கியிருந்தான். தடிமனான கண்ணாடி போட்டவன் என்பதால் சோடாபுட்டி என்று பெயர்.

வெட்டொண்ணு சட்டென்று எழுந்தார். அவருடைய ஒலிவாங்கி அணைந்திருந்தது. அவருக்கு அது தேவையும் இல்லை.

"கதவைத் தெறந்து வச்சா பாதிப் பேர் வேலையை விட்டுட்டு வெளியில கதை பேசப் போயிடுவாங்க. பூட்டினவர் மேல என்ன தப்பு?"

பென்சிலக்காவின் கை எழுதிவிட்டது. மனது பிறகுதான் கேட்டது. அதற்குள் மன்றம் முழுக்கக் கூச்சல். எதிர்க்கட்சி நடுவில் வந்து நின்றது. அவைத்தலைவர் மணியை அடித்து, "குறிப்பைப் பார்த்துவிட்டு நாளை முடிவு சொல்கிறேன்" என்று எழுந்து போனார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு அமைச்சரின் செயலாளர் தட்டச்சு அறைக்கு வந்தார். அந்த அறைக்கு அதுவரை எந்த அமைச்சரின் செயலாளரும் வந்ததில்லை. வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். பிரிவுக் கண்காணிப்பாளர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றவர் உட்காரவே இல்லை. ஓய்வு பெற அவருக்கு நான்கு மாதம்தான் பாக்கி.

"பெரிசா ஒண்ணும் இல்லம்மா" என்றார் செயலாளர். "ஒரு வார்த்தை. அமைச்சர் சொன்னது, 'பூட்டினவர் மேல இல்லையா தப்பு?' நீங்க 'இல்லையா'வை 'என்ன'ன்னு எடுத்துட்டீங்க. சத்தத்துல சகஜம்."

"அப்போ அந்த முதல் வாக்கியம்?"

"அது முதலாளி சொல்ற சாக்கு. அமைச்சர் அதை எடுத்துச் சொல்லிட்டு, தப்பு பூட்டினவர் மேலதானேன்னு கேட்டார்."

பென்சிலக்கா அவரைப் பார்த்தாள். எவ்வளவு அழகாகத் தைத்திருக்கிறார்கள்! ஒரு வார்த்தையை மாற்றினால் போதும், பிணத்தை மிதித்தவர் நியாயம் கேட்டவராகிவிடுவார்.

"அவர் 'என்ன'ன்னுதான் சொன்னார். நான் எழுதினது சரி."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"எழுதும்போது யோசிக்க மாட்டேங்க. அதனாலதான் சரியா இருக்கு."

செயலாளர் சிரித்துக்கொண்டே போனார். கண்காணிப்பாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஒரு வார்த்தைதானேம்மா" என்றார், அழாத குறையாக. வீட்டுக்குப் போகும் வழியில் தம்பி கடைக்குள் நுழைந்தால் அவனும் அதையே சொன்னான். விஷயம் அதற்குள் அவனுக்கு எட்டியிருந்தது. "ஒரு வார்த்தைதானேக்கா."

"நீ ஒரு தாளை நகல் எடுக்கும்போது ஒரு வார்த்தையை மாத்திக் குடுப்பியாடா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் காலை. பென்சிலக்கா தட்டச்சு அறையில் இருந்தாள். மன்றத்தில் நடப்பதைக் கேட்க அங்கே சுவரில் ஓர் ஒலிபெருக்கி உண்டு. வெட்டொண்ணுவின் குரல் அதிலிருந்து வந்தது. இந்த முறை ஒலிவாங்கி நன்றாக வேலை செய்தது.

"நான் யாரையும் குறை சொல்லலை. அந்த அம்மா வருஷக்கணக்கா உழைக்கிறவங்க. ஆனா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி காது வைத்தியத்துக்கு இருபது நாள் லீவு போட்டிருக்காங்க. அவங்களுக்குக் காது சரியில்லை. செவிடன் காதுல சங்கு ஊதின கதையாப் போச்சு என் பேச்சு!"

சிரிப்புச் சத்தம் ஒலிபெருக்கியில் கரகரவென்று வந்தது. அறையில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் தட்டச்சுப் பலகையையே பார்த்தார்கள். அந்த நேரம் மேசையில் எழுதிக்கொண்டிருந்தவன் சோடாபுட்டி. செவிடன் காதில் சங்கு என்பதை அவன் கைதான் எழுதியது.

அவளுடைய விடுப்பு விண்ணப்பத்தை யார் எடுத்துக் கொடுத்தது? எந்த அலமாரியைத் திறந்து, எந்தக் கோப்பைப் பிரித்து? வலது காதில் சளி கட்டி, சொட்டு மருந்து போட்டு, இருபத்தோராம் நாள் வேலைக்குத் திரும்பிய கதை அது. வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் தெரியாததை நாடே தெரிந்துகொண்டது. அன்று மாலை தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து அவள் காதைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். அவளை ஒருவரும் பார்த்தது கிடையாது. கணவர் எழுந்து போய்ப் பெட்டியை அணைத்தார்.

"நாளைக்கு லீவு போடு" என்றார்.

"போட்டா அதுக்கும் காதுன்னு சொல்லுவாங்க" என்றாள்.

அவைத்தலைவர் முடிவைத் தள்ளிவைத்து விசாரணை வைத்தார்; அது முடியும்வரை மேசைக்குப் போக வேண்டாம் என்று பென்சிலக்காவுக்கு உத்தரவு வந்தது. பழைய தொகுதிகளுக்கு அட்டவணை போடும் அறையில் உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு கடிதம். அரசு மருத்துவமனையில் செவித்திறன் சோதனைக்கு ஆஜராக வேண்டும்.

போனாள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு கூண்டு அறை. காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொன்னார்கள். ஐம்பது வயதை நெருங்கும் பெண், பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். பரிசோதனை செய்த பெண் கண்ணாடிக்கு அப்பாலிருந்து காகிதத்தை இரண்டு முறை பார்த்தாள்.

"இந்த வயசுல இவ்வளவு சுத்தமான காதை நான் பார்த்ததில்லைங்க. வெளியே வராந்தாவுல யாராவது டீ உறிஞ்சினாக்கூடக் கேக்கும் உங்களுக்கு."

"கேக்குது. ரெண்டு பேரு" என்றாள் பென்சிலக்கா.

அந்தப் பெண் சிரித்தாள். பென்சிலக்காவும் சிரித்தாள். சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, மருந்து வாங்குகிறவர்கள் வரிசையைத் தாண்டி, மாடிப்படிக்குக் கீழே போய் நின்றாள். அங்கேதான் அழுகை வந்தது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை. பதினோரு பெண்களைப் பூட்டி வைத்தவன் தன் வீட்டில் இருக்கிறான். அவனுக்கு எந்தச் சோதனையும் இல்லை. எழுதியவளுக்குச் சோதனை!

அந்த வாரத்தில் ஒருநாள், பேருந்து நிறுத்தத்தில் ஒரு அம்மா அவளுக்காகக் காத்திருந்தாள். பென்சிலக்காவின் வயதுதான் இருக்கும். கையில் ஒரு அடையாள அட்டை. தொழிற்சாலையின் அட்டை. படத்தில் ஒல்லியான ஒரு பெண் கண்ணை அகல விரித்துக்கொண்டு பார்த்தாள்.

"என் பொண்ணும்மா" என்றாள் அந்த அம்மா. "சட்டைக்குக் கை வச்சுத் தைக்கிற வரிசையில இருந்தா. நீங்கதான் எழுதினவங்கன்னு சொன்னாங்க. அவர் நிஜமா அப்படிச் சொன்னாரா? வெளியில போய்க் கதை பேசுவாங்கன்னு?"

பென்சிலக்கா அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"அவ பேசவே மாட்டாம்மா. பள்ளிக்கூடத்துல டீச்சர் என்னைக் கூப்பிட்டு, உங்க பொண்ணு ஊமையான்னு கேட்டாங்க. அவ எங்க கதை பேசப் போனா?"

அச்சுக்குப் போகாததை வெளியில் சொல்லக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருந்தாள். இத்தனை வருடத்தில் கணவரிடம்கூட மீறியதில்லை. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அதைச் சொல்லக் கூடாதுங்கம்மா. ஆனா நான் எழுதினதை மாத்தலை. மாத்தவும் மாட்டேன். அது மட்டும் உங்களுக்குச் சொல்றேன்."

அந்த அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். "சரிம்மா" என்று சொல்லி, அட்டையை முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

விசாரணை மன்றத்தின் பின்கட்டில் ஒரு நீள அறையில் நடந்தது. துணைச் செயலர் ஒருவர், சட்ட அதிகாரி ஒருவர். 'பார்வையாளர்' என்று சொல்லிக்கொண்டு அமைச்சரின் செயலாளரும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பென்சிலக்காவின் குறிப்பேடு மேசைமேல் இருந்தது. வேறு துறையிலிருந்து ஒரு சுருக்கெழுத்துத் தேர்வாளரை வரவழைத்திருந்தார்கள். இது எந்த வழக்கு என்று அவருக்குச் சொல்லவில்லை. பக்கத்தைக் காட்டிப் படிக்கச் சொன்னார்கள். குட்டையான, கறாரான அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"கதவைத் தெறந்து வச்சா... பாதிப் பேர்... வேலையை விட்டுட்டு..." படித்துக்கொண்டே வந்தவருக்கு, பாதியில் அது என்னவென்று தெரிந்துவிட்டது. குரல் கீழே இறங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. "பூட்டினவர் மேல... என்ன... தப்பு."

"அந்த ஒரு குறி 'இல்லையா'வா இருக்கலாமா?" என்று சட்ட அதிகாரி கேட்டார்.

"இது படுத்திருக்கிற வளைவு. 'இல்லையா'ன்னா எழுந்து நிக்கும். படுத்திருக்கிறவனையும் நிக்கிறவனையும் குழப்ப முடியுங்களா?"

ஓரத்திலிருந்து செயலாளர் மெதுவாகச் சொன்னார்: "எழுதினது சரியா இருக்கலாம். கேட்டது சரியான்னுதான் கேள்வி."

பென்சிலக்கா மருத்துவச் சான்றிதழை எடுத்து வைத்தாள். அதைச் செயலாளர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "அறைக்குள்ள கேக்குறது வேற, கூச்சலுக்குள்ள கேக்குறது வேற" என்றார்.

"அப்போ பக்கத்துல இருந்தவனைக் கேளுங்க. அவனும் அந்த நிமிஷம் எழுதிட்டுத்தான் இருந்தான்."

சோடாபுட்டியைக் கேட்டிருந்தார்கள். தான் உட்காரும்போதே கூச்சல் தொடங்கிவிட்டது, எதுவும் விழவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தான். அந்தத் தாளைக் காட்டினார்கள். அவள் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்று பிற்பகல் தேநீர் அறையில் அவனைப் பிடித்தாள். "தம்பி, நீ என் பக்கத்துல உக்காந்து எழுதினியா இல்லையா?"

அவன் கோப்பையைப் பார்த்தான். "அக்கா, பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாசம் வருது. எனக்கு இது மூணாவது தடவை."

"அவ்வளவு கனமான கண்ணாடி போட்டும் உனக்குக் கண்ணு தெரியலையேடா" என்றாள். அதற்கு மேல் பேசினால் கை ஓங்கிவிடுவோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் வெட்டொண்ணு ஒரு பேட்டி கொடுத்தார். சும்மா இருந்திருக்கலாம். அவரால் முடியாது. "பக்கத்துல இருந்த ஆம்பளைக்குக் கேக்கலை. இந்தம்மாவுக்கு மட்டும் கேட்டிருக்கு. என்ன அதிசயமான காதுய்யா அது!" என்றார். பேட்டி எடுத்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். தம்பி கடையிலும் அந்தப் பேட்டி ஓடியது. வாடிக்கையாளர் ஒருவர், "இவங்க உங்க அக்காதானே?" என்று கேட்டாராம். தம்பி அன்று மதியமே கடையைச் சாத்திவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தான். பேட்டியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து, மாமாவோடு பேருந்து இயந்திரத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போனான். அடுத்த முறை அவள் கடைக்குப் போனபோது சுவரில் படம் இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை சோடாபுட்டி அட்டவணை அறைக்கு வந்தான். கையில் அவனுடைய குறிப்பேடு. கண் சிவந்திருந்தது.

"என் சம்சாரம் கேட்டாக்கா. டிவியில அவர் சொன்ன அந்த ஆம்பளை நீங்கதானேன்னு. ஆமான்னேன். உங்களுக்குக் கேட்டுச்சான்னு கேட்டா. நான் வாயைத் திறக்கலை." அவன் குறிப்பேட்டின் முனையை மடக்கினான். "கல்யாணத்துக்கு முன்னாடி அவ தையல் ஆலையில நாலு வருஷம் இருந்தா. அங்கேயும் கதவு பூட்டிதான் இருக்குமாம். ஒண்ணுக்குப் போகணும்னா மேஸ்திரிகிட்ட சாவி கேக்கணுமாம். 'அன்னைக்குத் தீப் பிடிச்சிருந்தா நீங்க இப்ப வேற யாரையோ கட்டியிருப்பீங்க'ன்னு சொன்னா. ரெண்டு நாளா என்கூடப் பேசலை."

குறிப்பேட்டைப் பிரித்து மேசைமேல் வைத்தான். முதல் வரியிலேயே அது இருந்தது. அவசரமான கோடுகள்தான், ஆனால் அந்த வளைவு படுத்துத்தான் கிடந்தது.

"என்கிட்ட ஏன் காட்டுற? போய் அவங்ககிட்டக் காட்டு" என்றாள் பென்சிலக்கா. அவளுக்கு அவன்மேல் கோபம் தீரவில்லை. ஆனாலும் அவன் போகும்போது, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டுவிட்டாள்.

இரண்டு குறிப்பேடுகளில் ஒரே வாக்கியம். இனி என்ன செய்வார்கள்? செய்தார்கள். அவைத்தலைவர் தீர்ப்புச் சொன்னார்: அவையின் மாண்புக்குப் பொருந்தாத சில சொற்கள் குறிப்பிலிருந்து நீக்கப்படுகின்றன, விவகாரம் முடிந்தது, யார் மீதும் தவறில்லை. 'சொல்லாததை எப்படி நீக்குவது?' என்று மறுநாள் ஒரு பத்திரிகை மட்டும் கேட்டது. பென்சிலக்காவுக்கு மேசை திரும்பக் கிடைத்தது. கண்காணிப்பாளர் ஒரு தட்டில் பிஸ்கட் வாங்கி வைத்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்றார்.

அச்சான தொகுதி வந்தபோது அவள் புரட்டிப் பார்த்தாள். கதவைப் பற்றி அவர் சொன்ன இடத்தில் மூன்று நட்சத்திரக் குறிகள். நான்கு பக்கம் தள்ளி, மறுநாள் பேச்சு. 'அவங்களுக்குக் காது சரியில்லை. செவிடன் காதுல சங்கு...' அது முழுசாக, ஒரு புள்ளி குறையாமல் இருந்தது. அடைப்புக்குறிக்குள் '(சிரிப்பு)' வேறு. செத்தவர்களைப் பற்றிச் சொன்னது காணாமல் போனது. தன்னைப் பற்றிச் சொன்ன பொய் நூலகத்தில் நூறு வருடம் நிற்கும்.

உட்கார்ந்து ஒரு பக்க மனு எழுதினாள். 'என் செவித்திறன் பற்றி அமைச்சர் கூறியது தவறு. சான்று இணைத்துள்ளேன். அந்தப் பேச்சை நீக்க வேண்டாம். அதே அவையில் அவரே திருத்த வேண்டும்.' கண்காணிப்பாளர் அதை வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"முடிஞ்சதை ஏம்மா கிளறுறீங்க? அவருக்கென்ன, பேசிட்டுப் போயிடுவாரு."

"பேசிட்டுப் போயிடுவாரு. அதைத்தான் சார் இத்தனை வருஷமா நான் எழுதிட்டிருக்கேன். ஒரு தடவையாவது நின்னு பதில் சொல்லிட்டுப் போகட்டும்."

மனு மூன்று வாரம் தூங்கியது. அதைத் தட்டி எழுப்பியவர்கள் தட்டச்சு அறையில் அன்றைக்குத் தலை குனிந்திருந்த அதே ஆட்கள்தான். சுருக்கெழுத்தாளர்கள் மொத்தம் பதினெட்டுப் பேர். அமைச்சர் திருத்தாவிட்டால் அடுத்த கூட்டத்தொடரில் பென்சிலைத் தொட மாட்டோம் என்று சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் போனது. முதல் கையெழுத்து சோடாபுட்டியுடையது. எழுத ஆள் இல்லாமல் மன்றம் நடக்க முடியாது. பேசுகிறவர்களில் யார் இல்லாவிட்டாலும் நடக்கும்!

அதனால் ஒருநாள் காலை பதினொரு மணிக்கு வெட்டொண்ணு எழுந்தார். மேசையில் பென்சிலக்காவின் முறை. முறை மாற்றித் தருகிறோம் என்று சொன்னதற்கு அவள் மறுத்திருந்தாள். குனிந்தபடியே காத்திருந்தாள்.

"ஒரு ஊழியரோட காதைப் பத்தி நான் ஏதோ சொன்னதா ஒரு புகார். டாக்டர் சான்று பார்த்தேன். காது பிரமாதமா இருக்காம். அந்தம்மா மனசு புண்பட்டிருந்தா வருத்தம் தெரிவிச்சுக்கிறேன். இனிமே அவங்க இருக்கிற பக்கம் மெதுவாப் பேசுறேன், போதுமா?"

பின்வரிசையில் ஒருவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அதைத் தொடர்ந்து அந்தப் பக்கம் முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பென்சிலக்காவின் முகம் காது மடல்வரை சூடேறியது. கை நிற்கவில்லை.

தட்டச்சு செய்து கொடுத்ததைப் படித்துவிட்டுக் கண்காணிப்பாளர் ஓடி வந்தார். "'(ஆளுங்கட்சி உறுப்பினர்கள் சிரிப்பு)'ன்னு போட்டிருக்கீங்களே. அது வேணுமா? வெறும் சிரிப்புன்னு விட்டுடலாம். இல்ல, எடுத்தே விட்டுடலாம்."

"சிரிச்சாங்களா இல்லையா?"

"சிரிச்சாங்க."

"யாரு சிரிச்சா?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். தாளை அப்படியே அச்சுக்கு அனுப்பினார். ஓய்வுக்கு ஒரு வாரம் இருந்தது. பயம் தீர்ந்துவிட்டதோ என்னவோ.

மறுநாள் செய்தித்தாள்களில் அடைப்புக்குறியோடு அது வந்தது. நிருபர்கள் வெட்டொண்ணுவை வாசலில் மறித்து, மன்னிப்புக் கேட்கும்போது ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டார்கள். "யாரும் சிரிக்கலை. அந்தம்மா திரும்பவும் தப்பா எழுதியிருக்காங்க" என்றார். ஆனால் அவர் வருத்தம் தெரிவித்த அன்று மன்றத்தில் ஒலிவாங்கியும் ஓடியது, ஒளிப்பதிவுக் கருவியும் ஓடியது. சாயங்காலத்துக்குள் அவர் சிரிக்கும் முகத்தை நாடு முழுக்கப் பார்த்தது. பதினோரு குடும்பங்களும் மன்ற வாசலில் வந்து உட்கார்ந்தன. பத்து நாள் கழித்துத் தொழிலாளர் துறையை அவரிடமிருந்து பிடுங்கினார்கள். வீட்டுக்கு அனுப்பினார்களா என்றால் இல்லை. பாலங்களும் சாலைகளும் இருக்கிற துறையைக் கொடுத்தார்கள். அவருடைய ஆட்கள் மாலை போட்டு ஊர்வலம் விட்டார்கள்.

தம்பி ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தான். "ஜெயிச்சுட்டேக்கா!" என்றான். கணவரும் சிரித்தபடி தேநீர் போட்டுக் கொண்டுவந்தார்.

பென்சிலக்கா தேநீரை வாங்கிக் கீழே வைத்தாள். "என்னடா ஜெயிச்சேன்? பதினோரு பொண்ணுங்க செத்துப் போச்சு. நாலு மாசமா இந்த நாடு என் காதைப் பத்தியே பேசிட்டிருந்துச்சு. பூட்டைப் பத்தி ஒருத்தன் பேசலையே! அவருக்கு வேண்டியது அதுதான்டா. நாம எல்லாரும் சேர்ந்து அவருக்கு அதைப் பண்ணிக் குடுத்துட்டோம்."

தம்பி சுருட்டியிருந்த செய்தித்தாளைப் பிரித்து வைத்தான். தேநீர் ஆறியது.

தொழிற்சாலை முதலாளி மீதான வழக்கு அடுத்த வாரம் நீதிமன்றத்தில் எடுக்கப்படுகிறது என்று அதே தாளின் ஏழாம் பக்கத்தில், தையல் இயந்திர விளம்பரத்துக்குக் கீழே, நான்கு வரிச் செய்தி இருந்தது. பென்சிலக்கா அந்த நாளுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று போட்டாள். காலை ஒன்பதரைக்கே போய், பேருந்து நிறுத்தத்தில் பார்த்த அந்த அம்மாவின் பக்கத்தில், பின்பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலாளி வரவில்லை. உடல்நலம் சரியில்லை என்று வக்கீல் சொன்னார். வழக்கு ஆறு வாரம் தள்ளிப் போனது.

"வருவீங்களாம்மா?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் வருவேன்" என்றாள் பென்சிலக்கா.